டோக்கனுக்கு வயிறு சரியில்லை

விடிகாலை மூன்றரைக்கு
மாப்பும் பினாயிலுமாக மூன்றாம் முறை இறங்குகிறேன்.
ஏழாவது படியில் மஞ்சள்.
ஒன்பதாவதில் மஞ்சளும் சளியும்.
ரசீதுப் புத்தகத்துக்குப் பின்னால்
சுருண்டு கிடக்கிறது குற்றவாளி,
என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு.

போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில்
செருப்பு போட்டு இடம் பிடித்த கூட்டத்தில்
இதுவும் ஒரு செருப்பின் மேல் படுத்திருந்ததாம்.
அந்தச் செருப்போடேயே லாட்ஜுக்கு வந்தது.
டோக்கன் என்று பெயர் வைத்தது யாரென்று
இப்போது யாருக்கும் நினைவில்லை.

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்
எங்களுக்கு இருபத்திரண்டு அறை.
வாடகை ஸ்டவ்வில் அறைக்கொரு ஊர் கொதிக்கும்:
மால்டா, அகர்தலா, ராஞ்சி, பக்கத்துச் சித்தூர்.
என்னோடு பேச எல்லோருக்கும் அரைகுறை இந்தி வேண்டும்.
நாய்க்குட்டிக்கு அதுவும் வேண்டாம்.

எட்டு மணிக்கு விசாரணை வைத்தேன்.
ஆறாம் அறை அம்மா பால் கொடுத்தாராம், "தோடா",
கையால் காட்டிய அளவு ஒரு சொம்பு.
இரண்டில் ஆம்பூர் பிரியாணி எலும்பு.
ஆற்காட்டு மக்கன் பேடா பாதி, முந்திரியோடு,
அதைக் கொடுத்த பையன் அழவே ஆரம்பித்துவிட்டான்.
டீயில் நனைத்த பொறை இரண்டு
நான் கொடுத்தது. அதைச் சொல்லவில்லை.
ஆனால் வாந்தியில் வந்தது கடுகெண்ணெய் வாசத்தில்
ஒரு மீன்தலை.
அதற்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளுக்குப் பின்னால் நின்றோம்.
டாக்டர் சுகிர்தா ஈறைத் தூக்கிப் பார்த்தார்.
கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார்.
அது யோசித்து யோசித்து
தன் இடத்துக்குத் திரும்பியது.
"தண்ணி வத்தியிருக்கு. தப்பிச்சிடும்.
சின்னக் குட்டி, பட்டினி போட்றாதீங்க.
சோத்தைக் குழைய விடுங்க, தோல் எடுத்த கோழி, வேகவெச்சது.
உப்பு கூடாது. பால் கூடவே கூடாது.
நாளைக்கு அஞ்சாறு தடவை, ரெண்டு ஸ்பூன்.
வேற எது மாத்தினாலும்
பழைய சோத்துல ஒரு ஸ்பூன் கலந்து, மெதுவா, ஒரு வாரம்.
முக்கியமா, ஒரே கைதான் கொடுக்கணும்."

யார் கை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
பதினாலாம் அறை ஷெஃபாலி
கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.
அவர் கணவர் நிகில் மண்டலுக்கு ஈரல்.
பத்து நாளாகத் தட்டு காலியாகத் திரும்புகிறது என்று
மகிழ்ந்து போய் இருந்தவர்.
"மீனை விடமாட்டேன்னார். ஒரு தலை பொரிச்சேன்.
தின்னுட்டேன்னார்."
அவ்வளவுதான் சொன்னார்.
அறைக் கதவு சாத்தியபின்
சண்டைச் சத்தம் எதுவும் வரவில்லை,
ஸ்டவ் பற்றும் சத்தம் மட்டும்.

அன்றிலிருந்து ஒரே குண்டான்.
உப்பில்லாத குழைஞ்ச சோறு, உப்பில்லாத கோழி,
ஒரு கிண்ணம் கட்டிலுக்கு, ஒரு கிண்ணம் தரைக்கு.
தரையிலிருப்பது முடித்துவிட்டு
கட்டிலைப் பார்த்து உட்காருமாம்.
தள்ளிவிட வழியில்லை, ஷெஃபாலி கதவருகே நிற்கிறார்.
மனிதர் வேறென்ன செய்வார்,
தானே நாலு ஸ்பூன் விழுங்குவார்.
சில நாள் இரண்டு.
ஒரு நாள் இரண்டையும் கக்கிவிட்டார்,
டோக்கன் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஐந்தாம் நாள் வெயில் ஏறுமுன்னே
கோட்டைப் பக்கமிருந்து அனல் வீச ஆரம்பித்துவிட்டது.
ஏழாவது படியில் மறுபடியும்.
மாப்போடு குனிந்தவள் அப்படியே நின்றேன்.
உருண்டை. பழுப்பு. முழுசு.
"கெட்டி!" என்று கத்திவிட்டேன்,
தமிழில்தான் வந்தது.
ஆறாம் அறை அம்மா எட்டிப் பார்த்தார்,
பேடாப் பையன் ஓடி வந்தான்.
நிகில் மண்டல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து
மூன்று படி இறங்கி வந்து பார்த்தார்.
"கெட்டி?" என்றார் என்னிடம்.
"ஆமா சார். கெட்டி."
தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ ரிப்போர்ட் பார்த்ததுபோல.

அதை உடனே துடைக்க எனக்கு மனசு வரவில்லை.